காரில் வீடர் ஏற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டர் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி: கோவையில் வேலை, உடுமலைப்பேட்டை பக்கத்தில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. தோப்பில் விட்டுவிட்டு வந்தால் திருட்டுப் பயம். அதனால் களை எடுக்கும் 4 ஸ்ட்ரோக் பவர் வீடரையும், புல் வெட்டும் பிரஷ் கட்டரையும் வாரா வாரம் என் ஹேட்ச்பேக் காரிலேயே ஏற்றி இறக்குகிறேன். போன மாதம் இடம் பற்றவில்லை என்று வீடரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனேன். அங்கே போய் ஸ்டார்ட் செய்தால் ஒரே வெள்ளைப் புகை. பின்சீட்டில் ஒரு கிழிசல், வண்டிக்குள் இன்னும் பெட்ரோல் வாடை போகவில்லை. மிஷினும் கெடாமல், காரும் கெடாமல் கொண்டுபோக முடியுமா?

பதில்: முடியும். என் பட்டறைக்கு வரும் வீடர்களில் நிறைய தோட்டத்தில் கெட்டவை அல்ல, வரும் வழியில் காருக்குள் கெட்டவை. உங்கள் வெள்ளைப் புகையும் அந்த வகைதான், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது எரியும் ஆயில்.

4 ஸ்ட்ரோக் இன்ஜினின் அடிவயிற்றில் ஆயில் தேங்கி நிற்கும், ஐந்தரை ஆறரை குதிரைத்திறன் இன்ஜின் என்றால் சுமார் 600 மில்லி. அந்த ஆயில் அடியிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த இன்ஜினும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அதைப் படுக்க வைத்து எழுபது கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு போனால் ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் போகும், பிஸ்டன் ஓரமாகக் கசிந்து சிலிண்டர் தலைக்கும் போகும். கொஞ்சமாகப் போனால் புகை. நிறையப் போய்விட்டால் அடுத்து கயிறு இழுக்கும்போது பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டும், ஏனென்றால் காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அந்த நேரத்தில் பலம் காட்டி இழுத்து, கயிறு அறுந்து, ஸ்டார்ட்டர் பல் உடைந்து வந்த மிஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் விஷயம், வீடர் நின்றபடிதான் பயணம் செய்ய வேண்டும். கைப்பிடியைக் கழற்றினாலோ மடக்கினாலோ பெரும்பாலான சின்ன வீடர்கள் சீட் மடக்கிய ஹேட்ச்பேக்கில் நின்றபடியே அடங்கும், கீழே உள்ள ரோட்டரி பிளேடுகளை, அவற்றைப் பிடித்திருக்கும் லாக் பின்னை உருவிக் கழற்றிவிட்டால் உயரமும் குறையும், சீட்டும் கிழியாது. டிக்கி வாய் உயரத்தையும் மிஷின் உயரத்தையும் ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள், கண்ணளவை நம்பாதீர்கள். எப்படியும் சாய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் கீழ்ப்பக்கம் போகக் கூடாது. கைப்பிடி இருக்கும் பின்பக்கமாக, பிளக் மேலே பார்க்கிற மாதிரி சாய்ப்பது பெரும்பாலான வீடர்களில் தப்பில்லாமல் வரும். ஆனாலும் கம்பெனி கொடுத்த கையேட்டில் சாய்க்கும் பக்கம் போட்டிருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

கைப்பிடியை மடக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆக்சிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் மடிப்பில் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை சுளித்துக்கொண்ட கேபிள் அப்புறம் சரியாகத் திரும்பி வராது, தோப்பில் ஆக்சிலேட்டரை விட்டாலும் மிஷின் வேகம் குறையாமல் உறுமிக்கொண்டே நிற்கும். கேபிள்களை முதலில் கிளிப்பிலிருந்து விடுவித்து, பெரிய வளைவாக விட்டு, பிறகு மடக்குங்கள்.

பிரஷ் கட்டர் கதை வேறு. 2 ஸ்ட்ரோக் என்றால் அதில் தனியாகத் தேங்கி நிற்கும் ஆயில் கிடையாது, எப்படிப் படுத்தாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, டேங்க் மூடியில் மட்டும் கசியும். அங்கே தொல்லை நீளம்தான். பைப் இரண்டாகப் பிரியும் மாடலாக இருந்தால் பிரித்துவிடுங்கள். பிரியாதது என்றால் பின்சீட்டை மடக்கி, இடதுபக்க முன்சீட்டைச் சாய்த்து, டிக்கி மூலையிலிருந்து அந்தச் சீட்டின் மேலே குறுக்காக வையுங்கள், இன்ஜின் டிக்கிப் பக்கம் இருக்கட்டும். பைப் முனை டேஷ்போர்டைத் தொடக் கூடாது, அங்கே ஏர்பேக் இருக்கிறது. அந்தச் சீட்டில் ஆள் உட்காரக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன், மச்சானை உட்கார வைத்து மடியில் பைப்பைக் கொடுத்துக் கூட்டிப்போனவரை எனக்குத் தெரியும். முதுகில் மாட்டும் மாடல் என்றால் அந்த வளையும் ஷாஃப்டைக் கூர்மையாக மடக்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி போய்விடும்.

பிளேடைக் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். அந்த நட் பெரும்பாலும் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராக, கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் போட்டு முறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். கழற்றிய பிளேடின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் செருகி, பழைய ஜீன்ஸ் கால் ஒன்றுக்குள் போட்டுச் சுருட்டிவிடுங்கள்.

இப்போது பெட்ரோல். உங்கள் வண்டியில் வாடை போகாததற்குக் காரணம் டேங்கில் பெட்ரோலோடு மிஷினை ஏற்றியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டிக்குள் கீழேயே, மிதியடியோடு தங்கும். கிளம்பும் முன் டேங்கை வடித்துவிடுங்கள். அப்புறம் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் இருக்கிற மிஷினில் அந்த டேப்பை மூடி, தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகும். பிரஷ் கட்டரையும் அப்படியே காலி டேங்கோடு ஓடவிட்டு அணைய விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் ஓட்டுகிறீர்கள் என்பதால் இது மிஷினுக்கும் நல்லது, எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாள் கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசின் பிடிக்கும்.

தோப்புக்குப் பெட்ரோல் வேண்டுமே என்றால், கூடுமானவரை அந்த ஊர் பங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் பாட்டில் வேண்டாம். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர்வரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது, ஆனால் கண்ணாடி, பீங்கான் பாத்திரம் என்றால் ஒரு லிட்டர், உலோக கேன் என்றால் 25 லிட்டர், நன்றாக மூடியிருக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து லிட்டர் இரும்பு கேன் போதும். அதிலும் நாலரைதான் ஊற்றுங்கள், வெயிலில் பெட்ரோல் உப்பும். கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும், டிக்கிக்குள் வைத்தபடி நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி பறக்க வாய்ப்பு உண்டு.

திரும்பி வரும்போது இன்னொன்று. வேலை முடிந்ததும் அவசரமாக ஏற்றாதீர்கள். சைலன்சர் ஆறக் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள், இளநீர் குடிக்க அது போதும். சைலன்சரைச் சுற்றி ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லையும் தட்டிவிடுங்கள்.

காருக்கான ஏற்பாடு சுலபம். மடக்கிய சீட்டின் மேல் 12 மி.மீ. பிளைவுட் பலகை, அதன் மேல் ஓரம் தூக்கி மடித்த தார்ப்பாய், அதன் மேல் இரண்டு சாக்கு. பலகை பாரத்தைப் பரப்பும், சாக்கு கசியும் ஆயிலைக் குடிக்கும், தார்ப்பாய் மிச்சத்தைப் பிடிக்கும். ஏற்றும்போது பம்பர் மேல் பழைய டயர்த் துண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு பேர் தூக்குங்கள். ஆள் இல்லையென்றால் இரண்டு மீட்டர் பலகை ஒன்றைச் சாய்த்து உருட்டி ஏற்றுங்கள். இன்ஜின் பக்கம்தான் கனம், அது டிக்கி ஓரத்தில் நிற்காமல் முன்னால் தள்ளி, பின்சக்கரத்துக்கு நேர் மேலே வரட்டும்.

கட்டுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நைலான் கயிறு பத்துக் கிலோமீட்டரில் தளரும். ராட்செட் பெல்ட் இரண்டு வாங்குங்கள், ஒன்றை முன்பக்கமாகவும் ஒன்றைப் பின்பக்கமாகவும் இழுத்து, மிஷினின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள், பிளாஸ்டிக் மூடியிலோ கேபிள் மேலோ அல்ல. கார்ப் பக்கம் சீட் கீலின் இரும்பு, தரையில் உள்ள கொக்கி இவற்றில் மாட்டலாம், சீட்டின் தலை தாங்கியில் கட்டவே கூடாது. வேகமாகப் பிரேக் அடித்தால் 50 கிலோ வீடர் சுமார் 40 கிலோ விசையோடு முன்னால் தள்ளும், மோதினால் அதைப்போலப் பல மடங்கு, நடுவில் இருப்பது உங்கள் முதுகு. கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி பெல்ட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

டிக்கியை அரைகுறையாகத் திறந்து கயிறு கட்டி ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வண்டியின் புகை அந்த வழியாக உள்ளே உறிஞ்சப்படும், நம்பர் பிளேட்டும் தெரியாது. ஏழு குதிரைத்திறன், எண்பது கிலோவுக்கு மேல் என்கிற பெரிய வீடர் உங்களுடையது என்றால், காரை மறந்துவிட்டுக் குட்டியானையைக் கூப்பிடுங்கள், அல்லது தோப்பிலேயே பூட்டோடு ஒரு தகரக் கொட்டகை போட்டுவிடுங்கள். ஒரு பம்பர் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டால் கொட்டகை மலிவாகத் தெரியும்.

இப்போது புகைந்த மிஷினுக்கு: ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், பேப்பர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றுங்கள், ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து போடுங்கள். ஆயில் அளவைக் குச்சியில் பார்த்துக் குறைந்திருந்தால் நிரப்புங்கள். இனிமேல் தோப்பில் இறக்கியதும் சமதரையில் பதினைந்து நிமிடம் நிற்க விட்டு, சுவிட்சை அணைத்தபடி கயிற்றை ஒருமுறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழக்கம்போல வந்தால் ஸ்டார்ட் செய்யலாம். பாறையைப் பிடித்து இழுப்பது போல இருந்தால், கையை எடுத்துவிட்டு முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். அப்புறம் முகத்தை விலக்கிக்கொண்டு நாலு முறை இழுத்தால் உள்ளே போன ஆயில் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும்.