கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு மாற்று வால்வு: கேள்வியும் பதிலும்

கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்ப்பவன் என்பதால் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "எந்தக் கம்பெனி வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்) நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைக் கேட்டவர்களுக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஆம்ப்ளிஃபையர் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒலியில் குறை எதுவும் இல்லை. இருந்தாலும் எல்லா வால்வுகளையும் மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். குறை இல்லாத வால்வைத் தேதி பார்த்து மாற்றுவது வீண் செலவு. கிட்டாரின் சிக்னலை முதலில் பெருக்கும் முன்பகுதியில் உள்ள சிறிய வால்வுகள் பத்து ஆண்டுகளைத் தாண்டியும் சாதாரணமாக உழைக்கும். ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகள்தான் தேய்பவை. வாரந்தோறும் மேடையில் உரத்து வாசிப்பவருக்கு அவை ஓரிரு ஆண்டுகளில் தளரலாம். வீட்டில் மெதுவாக வாசிப்பவருக்குப் பல ஆண்டுகள் வரும். அடித்தொனி தளர்ந்து, முன்பு கிடைத்த உரப்பு அதே அளவில் கிடைக்காமல் போவது தேய்மானத்தின் அடையாளம். வாக்ஸ் ஏசி30 போன்ற, இஎல்84 என்ற பவர் வால்வுகளை அவற்றின் எல்லையை ஒட்டி ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்களில் இது சீக்கிரமே வரும்.

கேள்வி: என்னுடையதில் விட்டுவிட்டுக் கரகரப்பு வருகிறது. எந்த வால்வு கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்பீக்கர் இணைந்திருக்க, ஒலியை நடுத்தர அளவில் வைத்து, ஒரு மரப் பென்சிலின் பின்முனையால் முன்பகுதி வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். உள்ளீட்டு ஜாக்கை ஒட்டியிருக்கும் முதல் வால்வு எப்போதும் சற்று "டொக்" என்று ஒலிக்கும். அதற்குப் பின் வரும் முழுப் பெருக்கமும் அதன் தலையில் இருப்பதால் அது இயல்பே. தட்டியதும் மணிபோல ரீங்கரித்து நீண்டாலோ, கரகரப்பு தூண்டப்பட்டாலோ அந்த வால்வைச் சந்தேகிக்கலாம். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஆறவிட்டு, அந்த வால்வை அதே எண்ணுள்ள வேறொன்றுடன் இடம் மாற்றிப் பாருங்கள். குறையும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி வால்வு. குறை பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டையோ அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையோ பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது படியை நானே ஒருமுறை தவிர்த்திருக்கிறேன். கரகரப்பைக் கேட்டதும் நான்கு பவர் வால்வுகளையும் மாற்றினேன், கரகரப்பு போகவில்லை. முன்பகுதியில் சில ரூபாய் பெறும் ஒரு பிளேட் ரெசிஸ்டரே காரணம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கேள்வி: என் ஆம்ப்ளிஃபையரின் முன்பகுதி வால்வில் 12ஏஎக்ஸ்7 என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் இசிசி83 தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், இரண்டும் ஒன்றே. முன்னது அமெரிக்கப் பெயர். அதில் வரும் 12, ஹீட்டரின் (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையின்) 12.6 வோல்ட்டைக் குறிக்கிறது. பின்னது ஐரோப்பியப் பெயர். அந்த முறையில் 'இ' என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர், 'சிசி' என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் (தனித்தனியே பெருக்கும் அமைப்புகள்), 8 என்றால் ஒன்பது கால் சிறிய அடிப்பகுதி. ஹீட்டரின் நடுவில் ஓர் இணைப்பு இருப்பதால் 6.3, 12.6 என இரண்டு வோல்ட்டேஜிலும் அது ஓடும்; ஆகவேதான் இரண்டு பெயர்களும் பொருந்துகின்றன.

கேள்வி: கெயினை (முன்பகுதிப் பெருக்கத்தைக் கூட்டும் குமிழை) கொஞ்சம் திருப்பினாலே உடைந்து ஒலிக்கிறது. வால்வை மாற்றி இதைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், இதுவே மிக மலிவான சோதனையும்கூட. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. அதே சாக்கெட்டில் அப்படியே பொருந்தும் 5751 ஏறத்தாழ 70, 12ஏடி7 ஏறத்தாழ 60, 12ஏஒய்7 ஏறத்தாழ 45. முதல் வால்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபெண்டரின் பழைய ட்வீட் டீலக்ஸில் முதல் இடத்தில் இருந்தது 12ஏஒய்7தான். என் விருப்பம் 5751: கூர்மை தணியும், உயிர் போகாது. 12ஏடி7 எண்ணளவில் அதற்கு அருகில் இருந்தாலும், வேறு மின்னோட்டத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்பதால் முதல் இடத்தில் சற்று வறண்டு ஒலிப்பதாக என் காதுக்குப் படுகிறது.

கேள்வி: 6எல்6 பவர் வால்வுகள் உள்ள ஃபெண்டர் வகை ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறேன். மார்ஷல் ஒலி வேண்டும் என்பதற்காக இஎல்34 போடலாமா? சாக்கெட் ஒன்றுதானே?

பதில்: சாக்கெட் ஒன்றுதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. முதலாவது, 6எல்6ஜிசி வால்வின் ஹீட்டர் 0.9 ஆம்பியர் இழுக்கும். இஎல்34 இழுப்பது 1.5 ஆம்பியர். நான்கு வால்வுள்ள ஆம்ப்ளிஃபையரில் இது 2.4 ஆம்பியர் கூடுதல் சுமை. அதைத் தாங்கும்படி பவர் டிரான்ஸ்ஃபார்மர் செய்யப்பட்டிராவிட்டால் சூடேறி ஒருநாள் எரிந்துபோகும். இரண்டாவது, முதலாம் கால். 6எல்6 வால்வில் அந்தக் காலுக்கு வேலை இல்லை. ஆகவே ஃபெண்டரின் பல மாடல்களில் கிரிட் ரெசிஸ்டரைப் பற்றவைக்க அதை வெறும் தாங்குமுனையாகப் பயன்படுத்தினார்கள். இஎல்34 வால்விலோ அதே கால் சப்ரெஸர் கிரிட் என்ற உள்கம்பிவலையின் இணைப்பு. எட்டாம் காலாகிய கேத்தோடுடன் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனையுடன்) அது இணைந்திருக்க வேண்டும். வயரிங்கை மாற்றாமல் செருகினால், கேத்தோடுடன் இணைய வேண்டிய கிரிட் சிக்னல் வழியில் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் சரிசெய்து, பயஸையும் (ஓய்வுநிலையில் வால்வில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பையும்) புதிதாக அமைத்த பிறகே அந்த மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பவர் வால்வு மாற்றினால் பயஸ் பார்த்தே ஆக வேண்டுமா?

பதில்: ஆம்ப்ளிஃபையரைப் பொறுத்தது. ஏசி30 போன்ற கேத்தோடு பயஸ் வகையில், வால்வு தன் மின்னோட்டத்தைப் பெரும்பாலும் தானே சமன்செய்துகொள்ளும். நல்ல ஜோடியைச் செருகினால் போதும். ஃபிக்ஸ்டு பயஸ் வகையில்தான், பெயருக்கு நேர்மாறாக, நாம் கைவைக்க வேண்டியிருக்கிறது. வால்வின் பிளேட் (எலக்ட்ரான்களைப் பெறும் தகடு) தாங்கக்கூடிய வாட்டில் 70 சதவீதம் வரை ஓய்வுநிலையில் செலவாகலாம் என்பது பொதுவான வரம்பு. இஎல்34 வால்வுக்கு 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 460 வோல்ட் இருந்தால், வால்வு ஒன்றுக்கு ஏறத்தாழ 38 மில்லிஆம்பியர். இதைவிட வெகுவாகக் குறைந்தால் ஒலி மெலிந்து கரடாகும். கூடினால் விளக்கணைத்த அறையில் பிளேட்டின் சாம்பல் தகடு சிவந்து ஒளிர்வதைப் பார்க்கலாம். சிவப்பைக் கண்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

பழக்கமில்லாதவர்கள் இந்த அளவீட்டில் இறங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மெசா பூகி போன்ற சில தயாரிப்புகளில் பயஸைத் திருப்பும் திருகே இல்லை; அவற்றுக்கு நிறுவனமே தரம் பிரித்து விற்கும் வால்வுகளை வாங்குவதுதான் நேர்வழி.

கேள்வி: 'மேட்ச்டு' (அளவிட்டு ஒத்தவையாகச் சேர்த்த) ஜோடிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: பவர் வால்வுகளுக்குக் கொடுக்கலாம். முன்பகுதி வால்வுகளுக்குத் தேவையில்லை.

கேள்வி: 100 வாட் ஆம்ப்ளிஃபையரில் நான்கு வால்வுகளில் இரண்டைக் கழற்றினால் ஒலி பாதியாகுமா?

பதில்: வாட் பாதியாகும், ஒலி ஆகாது; 3 டெசிபல்தான் குறையும், அது காதுக்குச் சிறிய வேறுபாடே. செய்வதானால் பக்கத்துக்கு ஒன்றாக, அதாவது வெளியே உள்ள இரண்டையோ உள்ளே உள்ள இரண்டையோ எடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபையரின் பின்புறமுள்ள ஓம் தேர்வுச் சுவிட்சை 4 ஓமுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சரி ஐயா, எந்தக் கம்பெனி? பழைய சரக்கு உண்மையிலேயே உயர்ந்ததா?

பதில்: இன்று கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் ஆலை, சீன ஆலைகள் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. சோவ்டெக், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சோல், முல்லார்டு எனப் பெட்டிகளில் பல பெயர்கள் இருந்தாலும் பிறந்த வீடு சரடோவ்தான். ஆகவே 'முல்லார்டு' என்று படித்ததும் பழைய இங்கிலாந்து வால்வு என்று நினைத்துப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். சரியான எண், சரியான பயஸ் என இரண்டும் அமைந்தபின், இவற்றுக்குள் நான் கேட்கும் வேறுபாடு ஸ்பீக்கரை மாற்றினால் கிடைப்பதில் சிறு பங்குதான்.

பழைய சரக்கைப் பற்றி ஒன்று. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ஃபிலிப்ஸ் தொழில்நுட்பத்தில் வால்வுகளைச் செய்தது. அவர்களுடைய இஎல்84, இசிசி83 வால்வுகள் பழைய ரேடியோ கடைகளின் மூலைகளில் இன்னும் அகப்படலாம். கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் பெட்டியை நம்பாமல் கண்ணாடியைப் பாருங்கள். உச்சியில் உள்ள பூச்சு கண்ணாடிபோல வெள்ளிநிறத்தில் மின்ன வேண்டும். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.