அண்ணனுக்கு எதற்கு அரிவாள்மனை?

கேள்வி: அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. பாட்டி காலத்து அரிவாள்மனை, தாத்தாவின் பாக்குவெட்டி, ஒரு பிச்சுவாக் கத்தி மூன்றும் ஊர் வீட்டில் இருக்கின்றன. அரிவாள்மனைக்கு பாலிஷ் போட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாக அண்ணன் சொல்கிறார். "குடும்பச் சொத்து, மூத்தவனுக்குத்தான்" என்கிறார். எனக்கோ அதில் காய் நறுக்க ஆசை. கேட்டால் தப்பா? விமானத்தில் கொண்டுவர முடியுமா?
(ஒரு வாசகி, புனே)

பதில்: தப்பே இல்லை, தாராளமாகக் கேளுங்கள். கேட்கிறபோதே, "அம்மா இருந்தவரை அந்த மனையில் உட்கார்ந்து நீங்கள் ஒரு வெங்காயமாவது நறுக்கியிருக்கிறீர்களா?" என்றும் அண்ணனைக் கேட்டுவிடுங்கள். நறுக்கியிருந்தால் இந்தப் பதிலைக் கிழித்துப் போட்டுவிடலாம். நம்மூரில் நிலம், வீடு என்று பாகம் பிரிக்கும்போது ஆண்பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருவார்கள், அடுப்படிச் சாமான் என்றால் "அதைப் பொம்பளைங்க பார்த்துக்கட்டும்" என்று எழுந்து போய்விடுவார்கள். அதே சாமான் ஆன்டிக் என்று பெயர் வாங்கி ஹாலுக்கு வந்ததும் மூத்தவன் உரிமை எங்கிருந்தோ முளைத்துவிடும். நீங்கள் இந்துக் குடும்பம் என்றால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த அம்மாவின் பொருளில் மகன், மகள், கணவர் எல்லாருக்கும் சம பங்கு. மூத்தவருக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. அரிவாள்மனைக்காக யாரும் கோர்ட் படி ஏறப்போவதில்லை, ஆனால் அவர் சொத்துக் கணக்கு பேசினால் நீங்களும் பேசலாம்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த பாலிஷ்தான். அவசரமாக ஒரு போன் போட்டு நிறுத்துங்கள். அலகை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் உள்வாங்கித் தேய்ந்திருக்கும், பாட்டியும் அம்மாவும் காயை வைத்துத் தள்ளித் தள்ளி அந்த இடம்தான் கரைந்தது. பலகையில் கால் வைத்து அழுத்துகிற பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும். மெஷினில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கினால் அதெல்லாம் அழிந்துபோகும், அதோடு சூடு ஏறி இரும்பின் தோய்ச்சலும், அதாவது கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினமும், போய்விடும். ஓரத்தில் நீலம் பாய்ந்தால் கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. பளபளப்புதான் வேண்டுமென்றால் அண்ணன் கடையில் ஒரு எவர்சில்வர் மனை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். துருப்பிடிக்காத அந்த எஃகை ஷெஃபீல்டில் 1913-ல் உருக்கினார்கள், உங்கள் வீட்டு மனை அந்த ஜாதி இல்லை. அது கருக்கும், கருக்கத்தான் செய்யும். வாழைப்பூவும் வாழைக்காயும் அரிந்தால் வருகிற கருப்பு அழுக்கல்ல, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பிடிக்கிற படலம். சிவப்பாகத் தூள் உதிர்ந்தால்தான் துரு. அதற்குப் பழம்புளி போட்டுத் தேய்த்து, செங்கல் தூளால் துலக்கி, உடனே ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால் போதும். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தீட்டுங்கள். பலகையில் அலகு ஆடினால் ஊரில் ஒரு கொல்லரோ தச்சரோ இறுக்கிக் கொடுத்துவிடுவார்.

இதையெல்லாம் எழுதும்போதே யாராவது வந்து "டமாஸ்கஸ் உருக்கு, லட்ச ரூபாய் போகும்" என்று அண்ணன் காதில் ஓதுவார்கள் என்று தோன்றுகிறது. டமாஸ்கஸ் வாளுக்குப் பேர்போன அந்த மாதிரி உருக்கை ஈரோடு பக்கத்துப் பழைய ஊரான கொடுமணலில் அந்தக் காலத்தில் செய்தது உண்மை, அதற்காகக் கருத்த அலகெல்லாம் அந்த உருக்காகிவிடாது. கிராமத்துப் பட்டறைகளில் எத்தனையோ கத்திகள் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. அதில் குறையும் ஒன்றுமில்லை, நல்ல இரும்பு அது.

ஃபிளாட்டில் எப்படி உட்கார்ந்து நறுக்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் பழக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் முதலில் பூசணிக்காயிலும் வாழைக்காயிலும் கைபழகுங்கள், கீரை, மீனெல்லாம் அப்புறம். குழந்தை தவழ்கிற வீடென்றால் வேலை முடிந்ததும் சுவர்ப் பக்கம் அலகைத் திருப்பி வைப்பது போதாது, மேலே ஏற்றிவிடுங்கள். ஆயுத பூஜையன்று மட்டும் இறக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு மறுபடி பரணில் போடுவதாக இருந்தால் மட்டும், சாரி, அண்ணனிடமே இருக்கட்டும்.

பாக்குவெட்டியை வெற்றிலை போடுகிற யாருக்காவது கொடுங்கள், சண்டை முடிந்தது. பிச்சுவா கொஞ்சம் வேறு விஷயம். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுத விதிகளின் பட்டியலில் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவைக்குத்தான் விலக்கு, பிச்சுவா அந்த வேலைக்குச் செய்ததில்லை. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், தாண்டினால் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டு அப்புறம் எடுங்கள். மனையை விமானத்தில் கொண்டுவரலாம், செக்-இன் பெட்டியில் மட்டும். அலகுக்குக் கெட்டியான அட்டை சுற்றி, மேலே பழைய போர்வை ஒன்றைக் கட்டிவிடுங்கள், பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் கையை வெட்டிவிடக் கூடாது.