வாசகர் கேள்வி: ரயில் பாதை ஓரத்தில் ஒரு கியூபிட்

கேள்வி: எல்ஆர்டி (இலகு ரயில்) பாதைக்கு அருகில் கால்சியம் அயனிப் பொறி (மின்னேற்றம் பெற்ற அணுவைப் பிடித்து வைக்கும் கருவி) ஆய்வகம் அமைத்தால், கியூபிட்டைக் (குவாண்டம் தகவலின் அடிப்படை அலகை) கெடுக்கும் காந்த இரைச்சலை எப்படி அளப்பது?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: முதலில் அறையை அளங்கள், பிறகு கியூபிட்டை. மூன்று அச்சு பிளக்ஸ்கேட் மானியை (மூன்று திசைகளிலும் காந்தப்புலத்தை அளக்கும் கருவி) வெற்றிடக் கலனை ஒட்டி வைத்து, நொடிக்கு 1,000 மாதிரிகள் வீதம் 24 மணி நேரம் பதியுங்கள். பின்னிரவில் ரயில் நிற்கும் நேரம் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். ஒப்பிட அதைவிட நல்ல சான்று கிடையாது. எல்ஆர்டி 750 வோல்ட் டிசியில் (நேர்மின்னோட்டத்தில்) ஓடுவதால் அதன் காந்தத் தடம் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல அலையும். 50, 150 ஹெர்ட்ஸ் கூர்முனைகள் வீட்டு மின்சாரத்தின் வேலை.

அடுத்தது ராம்சி அளவீடு: இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கியூபிட்டைக் காத்திருக்க விட்டு, அதன் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. தரைநிலை சீமன் கியூபிட்டில் (அயனியின் தரைநிலை காந்தப்புலத்தில் பிரியும் இரு மட்டங்களைப் பயன்படுத்துவது) காந்தப்புலம் 1 நானோடெஸ்லா மாறினால் அதிர்வெண் சுமார் 28 ஹெர்ட்ஸ் நகரும். வீட்டு மின்சாரத்தின் மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் தொடங்கி, அளவீட்டுக்கு முந்தைய தாமதத்தை 0 முதல் 20 மில்லிநொடி வரை 1 மில்லிநொடிப் படிகளில் கூட்டுங்கள். ராம்சி காத்திருப்பு 0.5 மில்லிநொடி போதும். தாமதத்துக்கு எதிராக அதிர்வெண் நகர்வை வரைந்தால் 50 ஹெர்ட்ஸ் அலை கண்ணெதிரே தெரியும். மின்சார அலையோடு இப்படி நேரம் பொருத்துவதை விட்டுவிட்டால் அதே அலை வெறும் ஒத்திசைவிழப்பாக (கியூபிட் தன் குவாண்டம் நிலையை இழப்பதாக) தோன்றும். பாவம், பழி லேசர் மேல் விழும்.

மற்ற அதிர்வெண்களுக்கு எதிரொலித் துடிப்பு வரிசை (கியூபிட்டைச் சம இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் புரட்டுவது): துடிப்புகளின் இடைவெளி 2 மில்லிநொடி என்றால் 250 ஹெர்ட்ஸ் அருகே உள்ள இரைச்சலைக் கியூபிட் மிக அதிகமாக உணரும். துடிப்பு அளவு பிசகினால் பொய் உச்சம் வரும். துடிப்புகளை எக்ஸ், ஒய் கட்டங்களில் (அதாவது இரு வேறு அச்சுகளைச் சுற்றி) மாற்றி மாற்றிக் கொடுத்துச் சரிபாருங்கள்.