பென்சில் வேண்டாம், பேனா

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற பிறகு மூளை துருப்பிடித்துவிடக் கூடாதே என்று இயற்பியல் படிக்க ஆரம்பித்தேன். கருந்துளை, குவாண்டம் என்று நிறையக் காணொளிகள் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மறுநாள் பேரனுக்குச் சொல்லலாம் என்றால் வாயில் ஒன்றும் வரவில்லை. இந்த வயதில் இது வீண்வேலையா? மறதி வராமல் இது காப்பாற்றுமா?

கே.

அன்புள்ள கே.,

வயதின் மேல் பழியைப் போடாதீர்கள், இருபது வயதுக்காரனுக்கும் இதே கதிதான். சொல்லத் தெரிந்தவர் சொன்னால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அது அவருடைய சாமர்த்தியம்.

கருந்துளையைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள், மேல் முடிச்சிலிருந்து கொத்தின் நடுவரை 25 செ.மீ. இருக்கட்டும். லேசாக ஆட்டிவிட்டு, போய்த் திரும்புவதை ஒன்று என்று எண்ணினால் 10 ஆட்டத்துக்குச் சுமார் 10 நொடி ஆகும். சரி, அது 20 நொடி ஆக வேண்டுமென்றால் நூல் எவ்வளவு நீளம் வேண்டும்? அளக்கும் முன் விடையைத் தாளில் எழுதிவிடுங்கள், பேனாவால். பென்சில் என்றால் சத்தமில்லாமல் அழித்துவிடுவோம், நான் அழித்திருக்கிறேன்.

நான் 50 என்று எழுதினேன். ஆட்டிப் பார்த்தால் 14 நொடிதான் வந்தது. எண்ணியதில்தான் தப்பு என்று இன்னும் இரண்டு முறை ஆட்டினேன், அதே 14. வேண்டியது 1 மீட்டர், அதாவது நான்கு மடங்கு. நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். இந்தச் சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அன்றைக்குத்தான் அது உள்ளே இறங்கியது, இன்றுவரை மறக்கவில்லை.

படுத்துக்கொண்டே செய்ய ஒன்று வேண்டுமா? 1638-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் கலிலியோ கேட்டது இது. கனமான கல்தான் வேகமாக விழும் என்றால், அதோடு ஒரு சின்னக் கல்லைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? சின்னது பின்னால் இழுப்பதால் வேகம் குறைய வேண்டும், இரண்டும் சேர்ந்து கனம் கூடியதால் வேகம் கூடவும் வேண்டும். இந்தச் சிக்கலோடு ஒரு ராத்திரி கிடந்து பாருங்கள்.

மறதி வராது என்ற வாக்குறுதியை நான் தர மாட்டேன், தருகிறவர்களையும் நம்பாதீர்கள். கணக்குக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகம் இப்போதைக்குப் போதும்.

அப்புறம், பேரனுக்கு எதையும் விளக்க வேண்டாம். நூல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அவனும் அநேகமாக 50 என்பான். நூலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.