அப்பாவுக்கு வந்த மெசேஜ்

கேள்வி: எனக்கு வயது 29. மன்னார்குடி பக்கம் கிராமம். டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன். மூன்று வருடமாக போனில் போக்கர் ஆடுகிறேன். முதலில் விளம்பரம் வந்த ஆப்களில் ஆடினேன். அவை பண ஆட்டத்தை நிறுத்தியதும், நண்பன் டெலிகிராமில் கொடுத்த லிங்க் வழியாக வேறொரு சைட்டில் ஆடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயருக்கு ஜிபே போடச் சொல்வார்கள். ஒருமுறை 12,000 ஜெயித்தேன், உடனே வந்துவிட்டது. ஆனால் குறுவை அறுப்புக்குப் பிறகு மட்டும் 1,70,000 ரூபாய் போயிருக்கிறது. கையில் இரண்டு ஏஸ் இருந்தாலும் கடைசிச் சீட்டில் எதிராளி ஜெயிக்கிறான். இது தற்செயலா, சைட் ஏமாற்றுகிறதா? திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதே? நேர்மையான சைட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. பணம் அப்பா கணக்கிலிருந்து போகிறது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, பேங்க் மெசேஜ் வந்தால் நான்தான் படித்துச் சொல்வேன்.
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, சைட்டைப் பற்றிக் கேட்டதற்கு முழுசாகவே பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசி வரியை நான் விடப்போவதில்லை.

முதலில் உங்கள் இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, மேஜை நடுவில் பொதுச் சீட்டுகளைத் திறப்பதற்கு முன்னமே இருவரும் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டால், ஏஸ் ஜெயிப்பது நூற்றுக்கு எண்பது தடவைக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தில் தோற்கத்தான் வேண்டும். நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு இருபத்தைந்து, முப்பது ஆட்டம் நடக்கும். போனில் ஒரு மேஜையிலேயே அறுபதைத் தாண்டும். இரண்டு மூன்று மேஜை திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆட்டம் கூடக்கூட இந்த மாதிரித் தோல்வியும் கூடும், ஜெயித்த எண்பது மறந்துபோகும். கடைசிச் சீட்டில் தோற்றதை மட்டும் வைத்து ஏமாற்று என்று முடிவு கட்ட முடியாது.

பெரிய சைட்டுகளுக்குச் சீட்டில் கைவைக்கத் தேவையும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில், சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து அளவில், ரேக் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஜெயித்தாலும் அவன் ஜெயித்தாலும் அந்தப் பங்கு போய்விடும். ஒரே திறமையுள்ள ஆறு பேர் ராத்திரி முழுக்க ஆடினால் விடியும்போது ஆறு பேரிடமும் சேர்த்து இருக்கும் மொத்தப் பணம் குறைந்திருக்கும். இதைத்தான் அவர்கள் நேர்மையான ஆட்டம் என்கிறார்கள்.

இதற்கு மேலும் ஏமாற்றியவர்கள் உண்டு. 2007-ல் அப்சலூட் போக்கர் என்ற சைட்டில் ஒரு கணக்கு மட்டும் நம்ப முடியாத அளவுக்கு ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஆட்டக்காரர்களே பழைய ஆட்டப் பதிவுகளை வரிவரியாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்கில் ஆடியவனுக்கு மேஜையில் இருந்த எல்லார் சீட்டும் தெரிந்திருக்கிறது. உள் ஆள் வேலை. அல்டிமேட் பெட் என்ற இன்னொரு சைட்டிலும் இதே கதை. ஃபுல் டில்ட் கதை வேறு மாதிரி. 2011-ல் அமெரிக்க அரசு கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. வேறொரு நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் பணம் திரும்பியது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் கைக்கு அது வந்து சேர 2014 ஆகிவிட்டது. இவையெல்லாம் பெயரும் உரிமமும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் நடந்த கம்பெனிகள்.

கோர்ட் சொன்னதைச் சொல்கிறீர்கள். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. அது யாருக்குச் சாதகம் என்று யோசித்தீர்களா? திறமை விளையாட்டு என்றால் உங்களைவிடத் திறமைசாலி உங்கள் பணத்தை எடுப்பான். 2019-லேயே ப்ளூரிபஸ் என்ற கம்ப்யூட்டர் நிரல் ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்துவிட்டது. எதிரில் இருப்பது ஆளா நிரலா என்று உங்கள் போன் சொல்லாது. அப்புறம் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தக்கூடாது என்று சட்டம் போட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். நீங்கள் முதலில் ஆடிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தியது அதனால்தான்.

இப்போது உங்களிடம் இருப்பது அந்தச் சட்டத்துக்கு ஒளிந்து நடக்கிற சைட். ஒவ்வொரு தடவையும் வேறு பெயருக்கு ஜிபே என்றால் அவை வாடகைக்கு எடுத்த கணக்குகள். ஏமாந்தவர் யாரோ போலீஸில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அவற்றையெல்லாம் முடக்குவார்கள். நீங்கள் சந்தோஷமாகச் சொன்னீர்களே, 12,000, அது அப்படிப்பட்ட கணக்கிலிருந்து உங்கள் அப்பா கணக்குக்கு வந்த பணம். சம்பாவுக்கு உரம் வாங்கப் போகும் நேரத்தில் அவர் கணக்கு முடங்கினால், பேங்க் வாசலில் நின்று அவர் யாரிடம் என்ன சொல்வார்? நேர்மையான சைட் எது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பணம் கட்டி ஆட இன்று இந்த நாட்டில் அப்படி ஒன்று இல்லை.

சரி, கடைசி வரிக்கு வருகிறேன்.

"வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு, அப்பாவுக்கு மெசேஜைப் படித்துச் சொல்வது நீங்கள்தான் என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். என்ன படித்துச் சொன்னீர்கள்? கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகு "பணம் ஏறிடுச்சாடா" என்று அவர் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். டெல்டாவில் அப்படிக் கேட்காத விவசாயி கிடையாது. இன்னும் வரவில்லை என்றீர்களா? பாதி வந்தது என்றீர்களா? பணம் குறைகிற மெசேஜ் வந்து போன் சத்தம் போட்டபோது, அது கம்பெனி விளம்பரம் என்றீர்களா?

அப்சலூட் போக்கரில் எல்லார் சீட்டையும் பார்த்துக்கொண்டு ஒருவன் ஆடினானே, உங்கள் வீட்டில் அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பாவின் கணக்கு உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உங்களை ஏமாற்றுகிறவன் யார் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அவர் யாருக்கு எழுதுவார்?

ஒரு விவசாயி பிள்ளையைப் படிக்க வைப்பது வேலைக்காக மட்டும் இல்லை. பேங்கிலும் தாலுகா ஆபீஸிலும் எவனும் தன்னை ஏய்க்கக் கூடாது, படித்த பிள்ளை பக்கத்தில் நிற்பான் என்ற தைரியத்துக்காகவும்தான். அந்தப் படிப்பை வைத்தே அவரை ஏய்ப்பதை நான் சூதாட்டத்தைவிடப் பெரிய தப்பாக நினைக்கிறேன். சூதாட்டத்தை நிறுத்தினால் நின்றுவிடும். படித்துச் சொன்னவன் பொய் சொன்னான் என்று தெரிந்த வீட்டில் அடுத்த மெசேஜை யார் படிப்பது?

1,70,000 என்று எண்ணில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். 2025-26 பருவத்தில் கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்று சரியாக ஆயிரம் ரூபாய். நீங்கள் மேஜையில் உட்கார ஆயிரம் கட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிப்பம். மொத்தம் 170 சிப்பம். ஏக்கருக்கு அறுபது சிப்பம் கண்டாலே நல்ல விளைச்சல் என்போம். ஆக, கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் குறுவை. நாற்று விட்டதும், நட்டதும், களை எடுத்ததும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ரோட்டில் கொட்டிக் காயவைத்ததும், மழை மேகத்தைப் பார்த்துத் தார்ப்பாயை இழுத்து மூடியதும் இதற்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இதே கடிதம் எனக்குப் பல ஊர்களிலிருந்து வருகிறது. முதலில் பணத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம் அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைப்பீர்கள். அதற்காகக் கடன் ஆப், அம்மாவின் நகை, கடைசியாக ஒரு பெரிய ஆட்டம். எனக்கு எழுதியவர்களில் பலர் முழுகியது தோற்ற பணத்தில் இல்லை, அதைத் திருப்பி வைக்கப் போய்த்தான். தமிழ்நாடு அரசு 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்ததும், சட்டசபையில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததும், இப்படி முழுகியவர்கள் உயிரை விட்டதால்தான். அந்த மாதிரி எண்ணம் உங்களுக்கு ஒரு நொடி வந்தாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் தமிழில் பேசுவார்கள்.

ஆகவே, பணம் இல்லாத கையோடு போய் அப்பாவிடம் சொல்லுங்கள். அம்மா வழியாகச் சொல்லாதீர்கள், மாமாவைக் கூட்டி வந்து சமாதானம் பேச வைக்காதீர்கள். அவர் பணம், அவருக்கு நேராக. போனை எடுத்து, நெல் பணம் ஏறிய மெசேஜிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, தேதியோடும் தொகையோடும், முன்பே படித்திருக்க வேண்டிய மாதிரியே படியுங்கள். அவர் கத்தலாம், பேசாமல் எழுந்து வயலுக்குப் போகலாம். இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. "எனக்கும் மனசு சரியில்லை" என்று நடுவில் உங்கள் பாட்டைப் பாடாதீர்கள்.

மறுநாள் அவரோடு பேங்குக்குப் போங்கள். அவர் கணக்கை உங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டு, பாஸ்புக்கில் எல்லா வரியையும் ஏற்றி அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எண் அவருக்குத் தெரியும். மாதம் ஒருமுறை அதை அவரே பார்க்கட்டும். பணம் அனுப்பிய பெயர்களையும் தேதிகளையும் எழுதிக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுங்கள். பணம் திரும்புமா என்று கேட்காதீர்கள். நாளைக்கு அந்த 12,000-ஐ வைத்து அப்பா கணக்கை யாராவது கேள்வி கேட்டால், நீங்கள் முதலில் போய்ச் சொன்னீர்கள் என்பதற்குப் பதிவு வேண்டும். டெலிகிராம் குழுவிலிருந்து வெளியே வாருங்கள், லிங்க் கொடுத்த நண்பனிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

சைட்டில் மிச்சம் ஏதாவது கிடந்தால் அதை எடுக்கப் பார்க்காதீர்கள். அது வந்து இறங்கப்போவதும் அப்பாவின் கணக்கில்தான்.