‘டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்றார்கள்

வணக்கம் ஐயா,

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. செலவை யோசித்து முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரி, அப்புறம் யூசி எனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்று முடிவு செய்தோம். சேர்ந்ததும் எந்தப் பாடம் எடுப்பது என்று யோசனை சொல்லும் அங்கிருந்த கவுன்சிலர், “முதல் வருடம் பொதுப்பாடங்களை முடித்துவிடு, கணக்குக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்துக்கொள், எல்லாமே டிரான்ஸ்ஃபர் ஆகும்” என்றாராம். அப்படியே எடுத்தாள். மதிப்பெண்ணும் நன்றாகவே இருக்கிறது. இப்போது இரண்டாம் வருடத்துக்குத் திட்டம் போடப் போனால் வேறொரு கவுன்சிலர், “இன்னும் கால்குலஸே தொடங்கவில்லையா?” என்று கேட்கிறார். இரண்டு நாளாகப் பெண் அறையை விட்டு வெளியே வரவில்லை.

முதல் கவுன்சிலரை நேரில் போய்ப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு வருடத்தைத் தொலைத்ததற்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டாமா? வரும் நவம்பரிலேயே யூசிக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாமா? இனி யார் பேச்சை நம்புவது? உங்கள் மகனும் இந்த வழியில் போனவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாக, நேரில் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். 1974-ல் வந்த ஃபெர்பா என்ற சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் படிப்புப் பதிவுகள் மாணவருடையவை, பெற்றோருடையவை அல்ல. மகள் எழுதிக் கொடுக்காமல் அவள் எடுத்த பாடத்தைப் பற்றி உங்களிடம் பெரும்பாலும் வாயே திறக்க மாட்டார்கள். நான் போய்ப் பட்டவன். கவுண்டரில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு “உங்கள் மகன் வரட்டும் சார்” என்றார். ஃபீஸ் கட்டியது நான் என்றேன். அதே சிரிப்போடு அதே வாக்கியத்தைச் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது நான் பார்க்கிங்குக்குத் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். நம் ஊரில் பிள்ளைக்கு முப்பது வயதானாலும் அப்பா முன்னால் நின்று பேசுவார். இங்கே அது எடுபடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கோபப்படப் போகிறீர்கள், ஆனாலும் சொல்கிறேன்: அந்த முதல் கவுன்சிலர் பொய் சொல்லவில்லை. உங்கள் மகள் எடுத்தவை எல்லாமே டிரான்ஸ்ஃபர் ஆகும்தான். அந்த ‘ஆகும்’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஆகும் என்றால் எதற்கு ஆகும்?

யூசியைப் பொறுத்தவரை ஒரு பாடம் ‘ஆவது’ இரண்டு விதம். ஒன்று, அதற்குரிய யூனிட்டுகளை, அதாவது பாட அளவுப் புள்ளிகளை, அங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேரத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுகளில் அதுவும் சேரும். மற்றொன்று, உங்கள் மகள் சேர விரும்பும் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடப்பிரிவுக்கு, முன்கூட்டியே முடித்திருக்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடாக அது நிற்கும். ஸ்டாடிஸ்டிக்ஸ் முதல் விதத்தில் ஆகும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கின் கால்குலஸ் வரிசையில் அதற்கு இடமே கிடையாது. கையில் இருக்கும் டிக்கெட் செல்லும், ஆனால் நீங்கள் ஏற வேண்டிய வண்டிக்கு அல்ல.

என் மகன் கதையும் இதேதான். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ். பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடம் எடுத்தான், டிரான்ஸ்ஃபர் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு அசிஸ்ட் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் யூசி, கால் ஸ்டேட் என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் வளாகங்களுக்கும் இடையே எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பதிவு செய்து வைத்திருக்கும் அரசுத் தளம் அது. திரையில் இடப்பக்கம் போக வேண்டிய வளாகத்தின் பாடம், வலப்பக்கம் நம் கல்லூரியின் பாடம், நடுவில் ஓர் அம்பு. இடப்பக்கத்தில் அவர்கள் கேட்டிருந்தது சி பிளஸ் பிளஸ் என்ற வேறொரு நிரல்மொழி. அதற்கு நேர் வலப்பக்கம் அவன் எடுக்காத ஒரு பாடம். கீழே இறங்கினால் இன்னொரு பாடத்துக்கு எதிரே ஈடான பாடமே இல்லை என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. பைத்தான் எங்குமே இல்லை. அவன் இரண்டு தடவை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், ஏதோ நான் பார்த்தால் வந்துவிடும் என்பதுபோல.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவன் கவுன்சிலரிடம் கேட்டது “இது டிரான்ஸ்ஃபர் ஆகுமா?” என்ற கேள்வி. அதற்குச் சரியான பதில்தான் வந்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, “இந்த வளாகத்தில், இந்த மேஜரில், எந்தப் பாடத்துக்குப் பதிலாக இது நிற்கும்? அசிஸ்டில் அந்த வரியைக் காட்ட முடியுமா?” என்பது. இப்படிக் கேட்டால் நல்ல கவுன்சிலர் திரையைத் திருப்பிக் காட்டுவார். சுமாரானவர் தடுமாறுவார். இரண்டுமே உங்களுக்குத் தகவல்தான்.

கவுன்சிலர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரை மணி நேரம்தான் கொடுப்பார்கள். அந்த நாற்காலியில் உங்கள் மகளுக்கு முன்னால் நர்சிங் படிக்க வந்தவர் இருந்திருப்பார், பின்னால் வெல்டிங் சான்றிதழுக்கு வந்தவர். என்ன படிப்பது என்று முடிவு செய்யாத பிள்ளைக்கு ‘முதலில் பொதுப்பாடம்’ என்பது நல்ல யோசனை. வணிகம், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களில் பலருக்கும் அது பெரிய பாதகமில்லை. பொறியியலுக்கு மட்டும் அது தலைகீழ். காரணம், கணக்கும் இயற்பியலும் சங்கிலி. கால்குலஸ் ஒன்று முடிக்காமல் இரண்டு கிடையாது, இரண்டு முடிக்காமல் மூன்று கிடையாது, பெரும்பாலும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் ஆல்ஜீப்ராவும் கிடையாது. இயற்பியலில் மெக்கானிக்ஸில் உட்காரவே கால்குலஸ் வேண்டும், மின்சாரமும் காந்தமும் அதற்கு அடுத்தது. செமஸ்டர் முறையில் இது வழக்கமாக நான்கு பருவம். வரலாறும் சமூகவியலும் எந்தப் பருவத்திலும் செருகிக்கொள்ளலாம், இந்தச் சங்கிலியைச் செருக முடியாது. அதனால்தான் பொறியியல் மாணவரிடம் யூசி வளாகங்கள் மேஜருக்கான பாடங்களை முதலில் பார்க்கின்றன. முன்பு ஐஜெட்சி என்றும் 2025 முதல் கால்-ஜெட்சி என்றும் சொல்லப்படும் பொதுப்பாடத் தொகுப்பு அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

ஒரு வருடம் முழுசாகத் தொலைந்துவிட்டது என்று மகளிடம் சொல்லாதீர்கள், அது உண்மையும் இல்லை. யூசிக்கு மாறி வருகிறவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு, கணக்கில் ஒன்று, மற்ற துறைகளில் நான்கு என ஏழு பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவள் எடுத்ததில் பெரும்பகுதி இங்கே உட்காரும். அந்த ஸ்டாடிஸ்டிக்ஸும் ‘கணக்கில் ஒன்று’ என்ற இடத்தை நிரப்பிவிடும். இனி வரும் பருவங்களில் கணக்கு, இயற்பியல், மேஜர் கேட்கும் மற்றப் பாடங்கள் என்று கவனம் சிதறாமல் போகலாம். இன்னொரு பயத்தையும் சிலர் கிளப்புவார்கள்: “நிறைய யூனிட் சேர்த்தால் யூசி எடுக்காது.” கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவருக்கு அந்த ஆபத்து இல்லை. 70 செமஸ்டர் யூனிட் வரைதான் கணக்கில் வைப்பார்கள். அதற்கு மேல் போனால் யூனிட் எண்ணிக்கை ஏறாது, ஆனால் படித்த பாடம் படித்ததாகவே நிற்கும்.

வரும் நவம்பர் விண்ணப்பம் பற்றிக் கேட்டீர்கள். என் கருத்து, வேண்டாம். இந்த இலையுதிர் பருவத்தில் கால்குலஸ் ஒன்று தொடங்கினால், அடுத்த வசந்தத்தில் கால்குலஸ் இரண்டும் மெக்கானிக்ஸும் முடிந்திருக்கும். அவ்வளவை வைத்துக்கொண்டு மெக்கானிக்கலுக்குப் போட்டி போடுவது பணத்தையும் பிள்ளையின் மனசையும் செலவழிக்கிற வேலை. “அப்படியானால் சுலபமான மேஜரில் நுழைந்து உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொல்வார்கள். பொறியியலுக்குள் பிறகு மாறுவது பல வளாகங்களில் மிகக் கடினம், அந்த வலையில் விழ வேண்டாம். அடுத்த வருடம் செப்டம்பரில் டேக் எனப்படும் இட உத்தரவாத விண்ணப்பம் திறக்கும், அக்டோபர், நவம்பரில் பொது விண்ணப்பம். டேக் ஆறு வளாகங்களில்தான்: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ கிடையாது. அந்த ஆறிலும் எல்லா மேஜரும் இருக்காது. சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரிக்கு அது பொருந்தாது. ஆக ‘உத்தரவாதம்’ என்ற சொல்லையும் ‘ஆகும்’ போலவே எதற்கு, எங்கே என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அவசரத்தில் இன்னொரு தவறு நடக்கும். நேரம் மிச்சப்படுத்தக் கால்குலஸில் ஒன்றை இங்கேயும் இன்னொன்றை வேறு கல்லூரியில் கோடையிலும் எடுக்கலாம் என்று தோன்றும். ஃபுட்ஹில், டி ஆன்ஸா போன்ற கல்லூரிகள் செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறையில் நடக்கின்றன, அங்கே கால்குலஸ் வரிசை நான்கு துண்டு. செமஸ்டர் கல்லூரியில் பெரும்பாலும் மூன்று துண்டு. இதில் ஒன்றையும் அதில் ஒன்றையும் ஒட்டினால் நடுவில் ஓட்டை விழும். அசிஸ்டில் சில இடங்களில் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டிருப்பார்கள், கட்டை உடைத்தால் ஈடு கிடைக்காமல் போகலாம். ஒரே கல்லூரியில் வரிசையை முடிப்பதுதான் நிம்மதி.

யாரை நம்புவது என்ற கேள்விக்கு: எங்கே போகிறோமோ அந்த இடத்தின் எழுத்தை. அனுப்புகிற கல்லூரி எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் ஏற்றுக்கொள்ளப் போவது அது இல்லை. யூசி வளாகங்களின் பிரதிநிதிகள் கம்யூனிட்டி காலேஜ்களின் டிரான்ஸ்ஃபர் சென்டருக்கு வருவார்கள், மகள் அவர்களைப் பார்க்கட்டும். அப்புறம் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள். அங்கே வரும் யோசனை கவுன்சிலருடையதைவிட மோசம். “என் அண்ணன் பையன் இப்படித்தான் பெர்க்லி போனான்” என்பார்கள். எந்த வருடம், எந்த மேஜர், எந்தக் கல்லூரியிலிருந்து என்று கேட்டால் குழுவே அமைதியாகிவிடும். அசிஸ்டில் ஒப்பந்தங்கள் வருடத்துக்கு வருடம் தனித்தனி. அண்ணன் பையனுக்கு ஆன பாடம் உங்கள் பெண்ணுக்கு ஆகாமல் போகலாம்.

பொறுப்பேற்கச் சொல்வது பற்றி. பெரும்பாலான கல்லூரிகளின் கையேட்டில், பட்டத்துக்கும் மாறுதலுக்கும் வேண்டியதைச் சரிபார்க்கும் இறுதிப் பொறுப்பு மாணவருடையது என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதனால் நஷ்டஈடு எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மகள் கவுன்சிலிங் பிரிவின் டீனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம், எழுத வேண்டும் என்றே சொல்வேன். திட்டுவதற்கு அல்ல. என்ன தேதியில் என்ன சொல்லப்பட்டது, அதனால் எத்தனை பருவம் தள்ளிப்போகிறது, இனிமேல் பொறியியல் மாணவர்களை வழக்கமாகப் பார்க்கும் ஒரே கவுன்சிலரை எனக்குக் கொடுங்கள் என்று அரைப் பக்கம் போதும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அப்பா எழுதிய மின்னஞ்சல் மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

இது உங்கள் மகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் தாங்கள் சேர்த்த கிரெடிட்டுகளில், அதாவது யூனிட்டுகளில், ஏறத்தாழ 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. நாடு முழுவதற்குமான கணக்கு அது. இரண்டு நாளாக அறைக்குள் இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள், தான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பருவத்துக்குக் கால்குலஸ் வகுப்பெல்லாம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காரச் சொல்லுங்கள். பதிவு செய்த சிலர் அன்று வர மாட்டார்கள். அந்த இடத்துக்கு ஆசிரியர் ஆட் கோட் என்று ஓர் எண் கொடுப்பார், என் மகனுக்கு அப்படித்தான் கிடைத்தது. கடைசி வரிசையில் இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே முதல் வகுப்பைக் கேட்டான். நான் அன்றைக்கும் காரில்தான் இருந்தேன்.

அன்புடன்.