கரண்ட் அடிச்சு மூணு நாளாச்சு, இன்னும் கை மரத்துப்போகுது

கேள்வி: வேலை செய்யற இடத்துல டிரில்லிங் மெஷின்ல கரண்ட் அடிச்சிருச்சு டாக்டர். கை ஒட்டிக்கிச்சு, கூட இருந்தவர் ஓடிப்போய் ப்ளக்கை பிடுங்கினாரு. மூணு நாளாச்சு, விரல்ல ஒரு கறுப்புப் புள்ளி, கை மரத்துப்போகுது, தோள்பட்டை வலிக்குது. சின்ன காயம்தானேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. ஆஸ்பத்திரி போகணுமா?

பதில்: போகணும் தம்பி, இன்னைக்கே போங்க. கரண்ட் காயத்துல மேல தெரியற புள்ளியை வச்சு உள்ள எவ்வளவு அடிபட்டிருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, தோல்ல கடுகளவு கருகியிருக்கும், உள்ள நரம்பும் தசையும் நல்லாவே வெந்திருக்கலாம். கை ஒட்டிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்கு கவலை. ஏசி கரண்ட் 10 மில்லிஆம்பியரைத் தாண்டுச்சுன்னா பெரும்பாலும் கை தசை இறுகிப்போய் நாமளா விட முடியாம போயிடும், ஒட்டியிருக்கற நேரம் பூரா உடம்புக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், அது ஒரு கையில ஏறி மறு கை வழியா இறங்கியிருந்தா நடுவுல இருக்கறது இதயம்.

அதனால முதல்ல இசிஜி. அது நார்மலா இருந்து, மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு எதுவும் வரலேன்னா, 230 வோல்ட் ஷாக்குக்கு அப்புறம் என்னைக்காவது திடீர்னு ஹார்ட் நின்னுடுமோன்னு பயந்துக்கிட்டே இருக்க வேண்டாம். யூரின் கட்டன் டீ கலர்ல போனா மட்டும் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க, தசை சிதைஞ்சு அந்த கழிவு கிட்னியை அடைக்கும். தசை சிதைஞ்சிருக்கான்னு காட்டற சிகேன்னு (CK) ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, கிரியாட்டினினோட சேர்த்து அதையும் பார்க்கச் சொல்லுங்க.

அப்புறம் அந்த தோள்பட்டை. ஷாக்ல தசை வெட்டி இழுக்கறப்ப தோள் மூட்டு பின்பக்கமா நழுவிடறது உண்டு, நேரா எடுக்கற எக்ஸ்ரேல மட்டும் பார்த்தா இது தப்பிடும். முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு முன்கையை வெளிப்பக்கமா மெதுவா திருப்பிப் பாருங்க, திரும்பலேன்னா பக்கவாட்டு எக்ஸ்ரேவும் வேணும்னு கேளுங்க. மரத்துப்போறது பல பேருக்கு தானா சரியாகும், ஆனா கை வீங்கி இறுகினாலோ விரலை நீட்டும்போது உயிர்போற வலி வந்தாலோ அது எமர்ஜென்சி.

எந்தக் கை, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்துச்சு, தரை ஈரமா இருந்துச்சா, எல்லாத்தையும் சொல்லி வேலை இடத்துல நடந்ததுன்னு சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க. அந்த டிரில்லிங் மெஷினை எர்த், ஒயர் எல்லாம் செக் பண்ணி, லைன்ல 30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிஞ்சாலே தானா ட்ரிப் ஆகற ஆர்சிசிபிங்கற (RCCB) பாதுகாப்பு சுவிட்ச் போடற வரைக்கும் நீங்க மட்டுமில்ல, வேற யாரும் தொடக்கூடாதுன்னு சூப்பர்வைசர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.